ஜூலையில் கருகும் பாப்பியைப் பிடுங்கி எறியாதீர்கள்

லண்டன், டொரன்டோ பக்கம் தோட்டம் போடுகிறவர்கள் ஓரியன்டல் பாப்பி என்ற பூச்செடியை மே மாதக் கடைசியில் பூவோடு வாங்கி வருவார்கள். ஜூலையில் இலையெல்லாம் பழுத்துக் கருகியதும், செத்துப்போய்விட்டது என்று பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். செடி சாகவில்லை. காக்கசஸ், கிழக்குத் துருக்கி, வட ஈரான் மலைச்சரிவுகள்தான் இதன் சொந்த ஊர். அங்கே கோடை வறட்சியைக் கடக்க இலைகளை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் உறங்கும். இங்கேயும் அதையேதான் செய்கிறது.

பூத்து முடிந்ததும் தரைமட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். பச்சையாக இல்லையே என்று தண்ணீர் ஊற்றாதீர்கள். உறங்கும் வேர் ஈரத்தில் அழுகும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் புதுத்தளிர் வரும். அந்தத் தழையோடுதான் பனிக்காலத்தைக் கடக்கும். இடையில் பாத்தி வெறிச்சோடாமல் இருக்க, முன்னால் டாலியாவோ ஆஸ்டரோ வைத்தால் போதும்.

இடம் தேர்வதில் இரண்டே விஷயம்: நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில், தண்ணீர் தேங்காத மண். இந்தச் செடி குளிரால் சாவதை விட, குளிர்காலத்தில் சேறாகக் கிடக்கும் களிமண்ணால் சாவதுதான் அதிகம். களிமண் என்றால் மேடாகப் பாத்தி கட்டி, பருமணல் கலந்து நடுங்கள். செடிக்குச் செடி 60 செ.மீ. விடுங்கள். நைட்ரஜன் உரம் வேண்டாம். தழை கொழுத்து, தண்டு சாயும். சாயாமலிருக்க ஏப்ரலிலேயே சுள்ளிகளை ஊன்றிவிடுங்கள், மொட்டு வந்தபின் ஊன்றிப் பயனில்லை.

இனி, செடியைப் பெருக்குவது. விதை மலிவுதான், ஆனால் 'பாட்டிஸ் பிளம்' ரகத்தின் விதையிலிருந்து அதே 'பாட்டிஸ் பிளம்' வராது. அதன் புழுதிபடிந்த ஊதாப் பூ வேண்டுமானால் வேர்த்துண்டுதான் வழி. காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. செடியின் ஒரு பக்கத்தில் மட்டும் மண்ணை விலக்கி, பென்சில் பருமனுள்ள வேர்களைத் தாய்ச்செடியை ஒட்டி வெட்டுங்கள். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டும்போது வெள்ளைப் பால் கசியும், அது இயல்பு.

ஒவ்வொரு வேரையும் 5 முதல் 8 செ.மீ. துண்டுகளாக நறுக்கும்போது, செடிப்பக்க முனையை நேராகவும் நுனிப்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டுங்கள். எது மேல், எது கீழ் என்று பிறகு குழம்பாமலிருக்கத்தான் இந்த வேலை. தலைகீழாக நட்டால் பெரும்பாலும் முளைக்காது. கம்போஸ்ட் ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைக் கல்துகள்) அல்லது பருமணல் ஒரு பங்கு கலந்து ஆழமான தொட்டியில் நிரப்பி, துண்டுகளைச் செங்குத்தாகச் செருகுங்கள். நேர்முனை மண்மட்டத்தோடு நிற்க வேண்டும்; மேலே ஒரு செ.மீ. சரளை. ஒருமுறை தண்ணீர் விட்டு, சூடேற்றாத கண்ணாடிக் கூண்டில் வைத்துவிடுங்கள். பிறகு மண் காய்ந்தால் மட்டும் லேசாக.

பலர் கோட்டை விடுவது வசந்தத்தில்தான். வேர் பிடிக்கும் முன்பே இலை வந்துவிடும். அதைப் பார்த்துப் பிரித்து நட்டால் துண்டு சுருண்டுவிடும். தொட்டியின் அடித்துளையில் புதுவேர் தெரிந்த பிறகே பிரித்து, தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இலையுதிர்காலத்தில் தோட்டத்தில் நடலாம். நன்றாகப் பூக்க இன்னும் ஒரு வருடம் ஆகும். நட்ட பிறகு இடம் மாற்றாதீர்கள். ஆணிவேர் ஆழமாகப் போவதால் பெயர்த்த செடி தேறுவது கஷ்டம், பழைய இடத்தில் விட்டுப்போன துண்டோ மறுபடி முளைத்து நிற்கும்.

இதன் விதை சமையலுக்கு ஆகாது. கடையில் வாங்கும் கசகசா வேறு இனம். இந்தச் செடியில் தீபெயின் என்ற நச்சு ஆல்கலாய்டு இருக்கிறது. ஊருக்குக் கொண்டுபோய் நடும் ஆசையும் வேண்டாம். உறைபனி இல்லாத சமவெளியில் இது தேறாது. தவிர, இந்தியாவில் உரிமமின்றி அபினிச் செடி வளர்ப்பது 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி குற்றம், இது அந்தச் செடி அல்ல என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.