ஒயில் லைட் மினுங்குதா? எஞ்சினை இறக்க முதல் பிரஷரை அளந்து பாருங்க

பின்னேரம் கோல் ரோட்டில வெள்ளவத்தை பக்கம் ஊர்ந்து ஊர்ந்து போற நேரம், பழைய டொல்பின் வேனோ கேஈ 70 கொரொல்லாவோ வச்சிருக்கிற ஆக்களுக்கு இது நல்லா பழகின விஷயம். சிக்னல்ல நிக்கிற நேரம் டேஷ்போர்ட்ல, ஒயில் பிரஷர் குறைஞ்சா எரியுற சிவப்பு ஒயில் லைட் லேசா மினுங்கும், கொஞ்சம் எக்சிலேட்டர் குடுத்தா அணைஞ்சிடும். கராஜுக்கு கொண்டுபோனா ஒரு மெக்கானிக் பாஸ் "எஞ்சின் செய்யணும்" எண்டு சொல்லுவார், இன்னொருத்தர் "கட்டி ஒயில் ஊத்துங்க, சரியாகிடும்" எண்டு சொல்லுவார். ரெண்டு பேருமே அளந்து பார்க்காமத்தான் சொல்றாங்க, எனக்கு பிரச்சினையே அதுதான். இலங்கையில 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டாங்க, அதுக்குள்ள பழைய வாகனங்களோட விலை எங்கேயோ போயிட்டு, அப்படி இருக்க ஒரு எஞ்சினை சும்மா ஊகத்தில பிரிக்கிறது பாவம்.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளணும். ஒயில் பம்ப் பிரஷரை உண்டாக்குறதில்ல, அது ஒயிலை தள்ளி விடுது, அவ்வளவுதான். அந்த ஒயில், சுத்துற தண்டுகளை தாங்குற பெயாரிங்குகள்ல உள்ள மெல்லிய இடைவெளிகளால வெளியேற கஷ்டப்படுது பாருங்க, அந்த தடையிலதான் பிரஷர் எழும்புது. தொடர்மாடியில கீழ் வீட்டுக்காரங்க எல்லாரும் பைப்பை திறந்து விட்டா மேல் மாடியில தண்ணி சொட்டு சொட்டா வருமே, அதே கதைதான் இது. கீழ கிரேங்க் எண்ட பிரதான தண்டோட பெயாரிங் தேஞ்சு ஒயில் தாராளமா ஒழுகினா, மேல ஹெட்ல இருக்கிற, வால்வை திறக்கிற ரொக்கருக்கு போய்ச்சேர பிரஷர் மிஞ்சாது. பல எஞ்சின்கள்ல மேல வால்வ் பக்கம் டிக் டிக் எண்டு தட்டுற டெப்பட் சத்தம் முதல்ல கேக்கிறதும் அதாலதான்.

புது கார் எஞ்சின்ல கிரேங்க்குக்கும் பெயாரிங்குக்கும் உள்ள இடைவெளி பொதுவா 0.02 இல இருந்து 0.05 மில்லிமீட்டர் வரைக்கும்தான். அது தேஞ்சு ரெண்டு மடங்காகினா ஒழுக்கும் ரெண்டு மடங்காகும் எண்டு நினைப்போம், ஆனா ஒழுக்கு இடைவெளியோட மூன்றாம் அடுக்கில கூடும், அதாவது 8 மடங்கு. கண்ணால பார்த்தா தெரியாத ஒரு தேய்மானம் மீட்டர்ல பளிச்செண்டு தெரியுறது இதாலதான்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்பவும் ஆச்சரியம். 1883 இல பியூசாம்ப் டவர் எண்ட ஆங்கிலேய எஞ்சினியர் ரயில் அச்சு பெயாரிங்குகளை சோதிச்சுக்கொண்டு இருந்தார். எண்ணெய் விடுறதுக்கு பெயாரிங்குக்கு மேல ஒரு துளை போட்டா, அந்த துளையால எண்ணெய் திரும்பி மேல வந்திட்டு. கட்டையால அடைச்சார், கட்டையையும் தள்ளிட்டு வந்திட்டு. பிறகு 200 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கிற அலகு) வரைக்கும் காட்டுற மீட்டரை பூட்டினா அதையும் தாண்டி போயிட்டு, பெயாரிங் தாங்கின சராசரி சுமையே 100 பிஎஸ்ஐ அளவுதான். சுத்துற அச்சு தானே எண்ணெயை இழுத்து ஆப்பு மாதிரி கீழ செருகி தன்னை தூக்கிக்கொள்ளுது. இதுக்கு கணக்கு போட்டு 1886 இல விளக்கம் குடுத்தவர் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ். அப்ப கிரேங்க்கை தூக்கி வச்சிருக்கிறது பம்ப்போட பிரஷர் இல்ல, பம்ப் செய்ற வேலை அந்த இடத்துக்கு ஒயில் பஞ்சம் வராம பார்த்துக்கொள்றது. ஐட்லிங்ல, அதாவது எக்சிலேட்டர் குடுக்காம எஞ்சின் ஓடுற நேரம், மீட்டர் 8, 10 பிஎஸ்ஐ காட்டினா பதறிப்போகத் தேவையில்ல எண்டு சொல்றது இதாலதான். டொயோட்டாவோட பல பழைய எஞ்சின் மெனுவல்கள்ல ஐட்லிங்ல 4.3 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்ல 36 பிஎஸ்ஐ, இதுக்கு குறையாம இருந்தா போதும் எண்டுதான் போட்டிருக்கு. உங்கட எஞ்சினுக்கு உரிய கணக்கை அதோட மெனுவல்ல பாருங்க.

ஆனா லைட் எரியுறது வேற கதை. லைட்டை எரிய வைக்கிறது எஞ்சின்ல பூட்டியிருக்கிற ஒரு பிரஷர் சுவிட்ச், அது அனேகமா 0.3 பார், அதாவது 4 பிஎஸ்ஐ கிட்ட பிரஷர் இறங்கினாத்தான் வேலை செய்யும், அதால ஓடுற நேரம் லைட் எரிஞ்சு நிண்டா வாகனத்தை ஓரமாக்கி உடனே எஞ்சினை நிப்பாட்டுங்க, கராஜ் கிட்டத்தானே எண்டு ஓட்டிக்கொண்டு போகாதீங்க.

நிப்பாட்டின பிறகு ஒயில் அளவு பார்க்கிற கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. அளவு குறைவா இருந்தா வளைவுகள்லயும் பிரேக் அடிக்கிற நேரத்திலயும் லைட் மினுங்கும், ஏனெண்டா எஞ்சினுக்கு கீழ ஒயில் நிக்கிற சம்ப்ல ஒயில் ஒரு பக்கமா போய், அதை உறிஞ்சுற வலை வாயான ஸ்ட்ரெய்னர் காத்தை இழுக்கும். அளவு கூடியிருந்தா அதுவும் நல்லதில்ல, மணந்து பாருங்க, பெற்றோல் டீசல் கலந்து ஒயில் தண்ணியாகி இருக்கலாம். பால் போட்ட நிறத்தில இருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள போகுது. அடுத்தது சுவிட்ச். சாவியை ஒன் பண்ணி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, சுவிட்ச்சில இருக்கிற ஒத்தை வயரை கழட்டுங்க, லைட் அணையணும். அணையாட்டி வயர் எங்கேயோ வாகனத்தோட பொடி இரும்பில முட்டுது, எஞ்சின்ல குறையே இல்லாமலும் இருக்கலாம்.

அதுக்குப் பிறகுதான் மீட்டர். சுவிட்ச்சை கழட்டிட்டு அந்த துளையில மெக்கானிக்கல் பிரஷர் மீட்டர் ஒண்டை பூட்டணும், கொழும்பில ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தையில தேடினா எடுக்கலாம், ஆனா மரையை பார்த்து எடுங்க. ஜப்பான் வாகனங்கள்ல அனேகமா வாறது 1/8 அங்குல பிஎஸ்பி எண்ட பிரிட்டிஷ் பைப் மரை, அங்குலத்துக்கு 28 சுத்து, அமெரிக்க பைப் மரையான என்பிடி 27. ரெண்டும் முதல் ரெண்டு சுத்து பொருந்துற மாதிரி போகும், பிறகு இறுக்கினா புளொக்ல மரை நாசம்.

குளிர்ந்த எஞ்சின்ல அளக்கிறதில பிரயோசனம் குறைவு. 15டபிள்யூ-40 ஒயில் ஒண்டு 40 பாகையில 100 சென்டிஸ்டோக்கை (ஒயிலோட கட்டியை அளக்கிற அலகு) தாண்டி கட்டியா இருக்கும், 100 பாகையில கிட்டத்தட்ட 14தான். தண்ணி மீட்டர் நடுவுக்கு வந்த பிறகும் ஒயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும், அதால ஒரு இருபது நிமிஷம் ஓடிட்டு வந்து அளவுங்க. காலமை நல்லா இருந்து, சூட்டில ஐட்லிங்ல மட்டும் விழுந்து, ரேஸ் பண்ண ஏறினா பெயாரிங் தேய்மானம் இல்லாட்டி ஒயில் தண்ணியாகினது. சூடோ குளிரோ எல்லா வேகத்திலயும் குறைவா இருந்தா கூடின பிரஷரை வெளிய விடுற ரிலீஃப் வால்வ் திறந்தபடி இறுகியிருக்கும், இல்லாட்டி பம்ப் தேஞ்சிருக்கும். முதல்ல நல்லா காட்டி வேகம் கூடக் கூட ஊசி ஆடி விழுந்தா ஸ்ட்ரெய்னர் கசடால அடைபட்டிருக்கு. அதுக்கு சம்ப்பை கழட்டி கழுவினாலே போதும், இதுக்குப்போய் எஞ்சின் செஞ்ச ஆக்களை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கும்.

கட்டி ஒயில் ஊத்தினா மீட்டர் ஏறும், உண்மைதான், ஆனா இடைவெளி அப்படியேதான் இருக்கும், அடைபட்ட ஸ்ட்ரெய்னரால கட்டி ஒயிலை இழுக்கிறது இன்னும் கஷ்டம்.

மீட்டர் பெயாரிங்கைத்தான் காட்டுது எண்டா பழைய ஒயில் பில்டரை வெட்டி மடிப்பை விரிச்சு வெயில்ல பிடிச்சுப் பாருங்க. வெள்ளி மாதிரி மினுங்குற தூள் பெயாரிங்கோட மேல் படையா இருக்கலாம், செம்பு நிறத்தில செதில் கிடந்தா அந்த படை போய் உள் படை தேயுது. அப்ப சம்ப்பை இறக்கி, கிரேங்க்கை மைக்ரோமீட்டரால அளந்து, முட்டை வடிவமா தேஞ்சிருந்தா லேத்தில அரைச்சு அதுக்கு ஏத்த அண்டர்சைஸ் பெயாரிங் போடணும், அளக்காம ஸ்டேண்டர்ட் பெயாரிங்கை அடிச்சா லைட் திரும்ப வந்திடும். பூட்டி முடிஞ்ச பிறகு டீசல் எஞ்சின் எண்டா டீசல் பம்ப்புக்கு டீசலை நிப்பாட்டுற கட் ஓஃப் வயரை, பெற்றோல் எண்டா கோயில் வயரை கழட்டி வச்சிட்டு, லைட் அணையும் வரைக்கும் ஸ்டார்ட்டரால இடைவெளி விட்டு விட்டு சுத்துங்க. ஒயில் மேல ஏறின பிறகுதான் வயரை பூட்டி ஸ்டார்ட் பண்ணணும்.