மென்பொருளுக்கு முன் ஒரு தாள்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை ஒரே நாளில் இரண்டு தடவை நிறுக்கிறார்கள். கொழுந்து கிள்ளும் மலையில் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து, ஆளின் பெயருக்கு நேரே கிலோவைப் பதிகிறார். லொறி தொழிற்சாலைக்குப் போனதும் மொத்தமாக மறுபடியும் நிறை பார்க்கிறார்கள். இரண்டும் அநேகமாக ஒத்துவராது. வழியில் ஈரம் காயும், கழிக்கிற விதமும் வேறு. மலை நிறையை வைத்துச் சம்பளம். தொழிற்சாலை நிறையை வைத்துத் தேயிலைத்தூள் கணக்கு. இரண்டுமே தேவை.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கணினி வேலையாகப் போகும்போது நான் அடிக்கடி காண்பது இது: சம்பளத்துக்கு ஒரு மென்பொருள், தொழிற்சாலைக்கு இன்னொன்று, தலைமை அலுவலகத்துக்கு மூன்றாவது. மூன்றிலும் 'கொழுந்து கிலோ' என்று ஒரு கட்டம், மூன்றிலும் வேறு வேறு எண். மாதக் கடைசியில் கிளாக்கர் ராத்திரி வரை உட்கார்ந்து எக்செலில் அவற்றைச் சமன் செய்கிறார். அவர் லீவு போட்டால் சம்பளம் பிந்துகிறது. உடனே மென்பொருளை மாற்றுவோம் என்கிறார்கள். மாற்றினாலும் இதே கதைதான். எந்த நிறை எதற்கு, வித்தியாசம் எவ்வளவு வரை பரவாயில்லை, மிஞ்சினால் யார் தீர்ப்பது என்று நிர்வாகம் முடிவெடுக்காத வரை புதிய மென்பொருளால் என்ன செய்ய முடியும்?

ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பில் அங்குள்ளவர்கள் பேசிக்கொள்ளும் விதமே படிந்திருக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். மலையும் தொழிற்சாலையும் பேசிக்கொள்ளாத தோட்டத்தில் அவற்றின் மென்பொருள்களும் பேசுவதில்லை.

இதைச் சரிசெய்யும் துறைதான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர். 1987இல் ஜோன் சாக்மன் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். இதற்கான வழிமுறைகளைத் தொகுத்துத் தரும் டோகாஃப் (TOGAF) 1995இல் வந்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். முதலில் தொழில் எப்படி நடக்கிறது, அப்புறம் அதற்கு என்ன தரவு வேண்டும், பிறகு மென்பொருள், கடைசியில் கருவிகள். நம் பக்கம் இது தலைகீழாக நடக்கிறது. கம்ப்யூட்டர் முதலில் வந்து இறங்கிவிடுகிறது.

ஆள் விவரமும் அப்படித்தான். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் அட்டையில் 12 இலக்கம். ஒரு மென்பொருளில் பழைய எண்ணும் மற்றதில் புதிய எண்ணும் இருந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுகிறார். பெயரின் எழுத்தும் மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம். தொழிலாளியின் 8 சதவீதமும் நிர்வாகத்தின் 12 சதவீதமும் சேரும் சேமலாப நிதி விஷயம் இது. ஓய்வு பெறும் நாளில் அலைபவர் அந்தத் தொழிலாளிதான்.

ஆகவே விற்பனையாளரை அழைப்பதற்கு முன் ஒரு பெரிய தாளை எடுங்கள். கொழுந்து கிள்ளுவதிலிருந்து சம்பளம் கைக்கு வரும் வரை ஒவ்வொரு படியையும் வரையுங்கள். எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் கட்டாயம் கூட இருக்கட்டும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் கணக்காளரும் மட்டும் வரைந்தால் சாக்குக் கழிவு அந்தத் தாளில் வரவே வராது.