குறி தப்பாத குண்டு யாரைக் கொல்லும்?

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அந்தக் காலத்தில் குண்டைக் குறிபார்த்துப் போடுவதில் பாதி அதிர்ஷ்டம்தான். முந்தைய ஆண்டு பிரிட்டன் தன் விமானப்படை எடுத்த படங்களை ஆராய்ந்தபோது, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு ஐந்து மைல் அருகிலாவது போயிருந்தது.

இன்று செய்மதி வழிகாட்டும் குண்டின் பிழை ஏறக்குறைய ஐந்து மீற்றர் என்கிறார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். இலக்கைச் சுற்றி ஐந்து மீற்றர் ஆரையில் ஒரு வட்டம் போட்டால், பாதிக் குண்டுகள் அந்த வட்டத்துக்குள் விழும் என்பதே அதன் பொருள். மீதிப் பாதி வெளியே. பத்து மீற்றருக்கும் அப்பால் நூற்றில் ஆறு போகும்.

சரி, நட்டநடுவில் விழுந்ததென்றே வைப்போம். அமுக்க அலை எட்டும் தூரம் வெடிமருந்து எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. மருந்தை எட்டில் ஒன்றாக்கினாலும் தூரம் பாதியாகத்தான் குறையும். இரும்புச் சிதறல்களோ நூற்றுக்கணக்கான மீற்றர் பறக்கும். திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இராணுவம் இருக்கிறது. அதே வாசலால், மான்களைக் கடந்து, சனம் கோணேசர் கோயிலுக்குப் போகிறது. அங்கே ஐந்து மீற்றர் துல்லியம் யாருக்கு ஆறுதல்?

ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் நெறிமுறை, எதிர்பார்க்கும் இராணுவ நன்மைக்கு மிஞ்சிய பொதுமக்கள் இழப்பு வருமென்றால் தாக்கக்கூடாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் தராசின் ஒரு தட்டில் உயிர், மறு தட்டில் 'நன்மை'. இரண்டுக்கும் பொதுவான எடைக்கல் கிடையாது. நிறுப்பவரும் தாக்கப்போகிறவரே.

இதைவிடச் சிக்கலானது, குறி சரியாகவே பட்டும் ஆள் பிழையாகிப்போவது. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க ஆளில்லா விமானம் மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தது. காரில் ஏற்றிய தண்ணீர்க் கலன்கள் திரையில் வெடிமருந்தாகத் தெரிந்தன. ஏவுகணை துளியும் விலகவில்லை. இறந்த பத்துப் பேரும் பொதுமக்கள், அதில் ஏழு பேர் பிள்ளைகள். காரை ஓட்டியவர் உதவி நிறுவனமொன்றின் பணியாளர்.

குண்டு எங்கே விழும் என்பதை அளக்கத்தான் மீற்றர் இருக்கிறது. அங்கே நிற்பவர் யார் என்ற ஊகத்தின் பிழையை எந்த ஆயுதத்தின் விவரத்தாளும் சொல்லாது. சட்டமும் தாக்கியவர் அந்த நேரத்தில் கையிலிருந்த தகவலை வைத்து நியாயமாக என்ன நம்பினார் என்றே கேட்கிறது. காபூல் தாக்குதல் தவறென்று பென்டகன் மூன்று வாரத்துக்குள் ஒப்புக்கொண்டது. அப்புறம் டிசம்பரில், யார்மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது.