ரன்: பூல் ஆட்டத்தின் பந்துத் தொடர்

கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளை மேசையோரக் குழிகளில் (பாக்கெட்) விழவைக்கும் ஆட்டம் பூல். இதில் 'ரன்' என்றால், மேசைக்கு வந்த ஆட்டக்காரர் தவறவிடும் வரை அடுத்தடுத்துப் போடும் பந்துகளின் எண்ணிக்கை. ஒருவர் எட்டிய அதிகபட்சம் 'ஹை ரன்'. ஓடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அறுபடாமல் நீளும் வரிசைக்கும் ஆகி வந்தது. கிரிக்கெட்டில் வீரர் நிஜமாகவே ஓடுவதால் 'ஓட்டம்' பொருந்துகிறது, இங்கே பொருந்தாது. 'பந்துத் தொடர்' என்பதே சரி. ஹை ரன்னுக்கு 'உச்சத் தொடர்'. இதே வகை மேசை ஆட்டமான ஸ்னூக்கரில் ஒரே முறையில் சேர்க்கும் புள்ளிகளை 'பிரேக்' என்பார்கள். பூலில் பிரேக் என்பது முக்கோணமாக அடுக்கிய பந்துகளின் தொகுதியை, அதாவது 'கட்டு' என்பதை, உடைக்கும் அடி. இரண்டையும் கலக்கக் கூடாது.

ரன் என்ற சொல்லுக்கு முழு மதிப்பு 'ஸ்ட்ரெய்ட் பூல்' ஆட்டத்தில்தான். எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டில் போடப்போகிறோம் என்று சொல்லி அடிக்க வேண்டும். பந்துக்கு 1 புள்ளி. 15 பந்துகளில் 14 விழுந்ததும் அந்த 14-ஐயும் திரும்ப முக்கோணமாக அடுக்குவார்கள், உச்சிப் பந்தின் இடம் மட்டும் காலி. மீந்த 15-ஆவதைப் போடும் அதே அடியில் வெள்ளைப் பந்து போய்க் கட்டை உடைக்க வேண்டும். அந்தப் பந்துதான் 'பிரேக் பால்', தமிழில் 'உடைப்புப் பந்து'.

1954 மார்ச் 19-இல் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மோஸ்கோனி 526 பந்துகள் போட்டார். 37 கட்டுகளைத் தீர்த்து, 38-ஆவதில் 8 பந்துகள். 2019-இல் ஜான் ஷ்மிட் 626, 2022-இல் ஜேசன் ஷா 714. குறி பார்க்கும் திறமை மட்டும் இந்த எண்களுக்குப் போதாது. நூற்றுக்கு 99 அடி தவறாதவர்கூட 526 பந்துகளை முடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருநூறில் ஒன்று. ஆயிரத்துக்கு 999 என்றால் அது பாதியைத் தாண்டும். கண் கூர்மையால் மட்டும் ஒருவர் 99-இலிருந்து 99.9-க்குப் போக முடியாது. கடினமான அடியே வராதபடி பந்துகளின் வரிசையை அமைப்பவரால்தான் முடியும். பெரிய தொடரைப் பார்க்கும்போது எல்லாமே சுலபமாகத் தெரிவது இதனால்தான்.

வரிசை கடைசியிலிருந்து தொடங்குகிறது. கட்டு உடைந்ததுமே அடுத்த உடைப்புப் பந்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: பந்துகளை அடுக்கும் முக்கோணத்தின் பக்கவாட்டில், அதன் கோட்டுக்கு வெளியே நிற்பது நல்லது. கோட்டுக்குள் இருந்தால் அதை எடுத்து மேசையின் மறுமுனைப் புள்ளியில் வைத்துவிடுவார்கள். பக்கவாட்டு உடைப்பு போயிற்று. அதற்கு முந்தியது 'கீ பால்', அதாவது 'திறவுப் பந்து'. அதைப் போட்டதும் வெள்ளைப் பந்து நின்ற இடத்திலேயே நின்று, உடைப்புப் பந்துக்குச் சரியான சாய்கோணம் கிடைக்க வேண்டும். நேர்க்கோட்டில் நின்றுவிட்டால் பந்து விழும், வெள்ளை கட்டுக்குப் போகாது. குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) ஒட்டிய பந்துகளையும் சிக்கி நிற்கும் கொத்துகளையும் முதலிலேயே தீர்க்க வேண்டும். கொத்தை உடைக்கும் முன், வெள்ளை எங்கே நின்றாலும் போடக்கூடிய ஒரு பந்து கைவசம் இருக்கட்டும். இதைத் தள்ளிப்போடுகிறவர்களின் தொடர்தான் பத்தாவது பந்துக்கு மேல் முறிகிறது.

உடைக்கும் அடியே பெரிய கண்டம். வெள்ளை ஒரு பந்தின் நடுவில் முழுசாக மோதினால் கட்டோடு ஒட்டிக்கொள்ளும், அடிக்க வழியிருக்காது. சற்று விளிம்பில் மோதி, மேல்சுழற்சியாலோ பின்சுழற்சியாலோ விலகி வர வேண்டும். வேகம் கூடினால் வெள்ளையே பாக்கெட்டில் விழலாம்.

மேசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மோஸ்கோனி ஆடியது 4×8 அடி மேசை. 4½×9 அடி மேசையில் அடிகள் நீளும். அதனால் பந்துத் தொடரைக் குறிப்பிடும்போது மேசை அளவையும் சேர்த்தே எழுத வேண்டும்: '8 அடி மேசையில் 526 பந்துத் தொடர்'.