"தோள் நோகுது" என்று பிள்ளை ஏன் சொல்வதில்லை?

நீச்சல் ரீமில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் நோவு தொடங்கி ஒரு மாதம் தாண்டியிருக்கும். எப்போதிருந்து நோகிறது என்று கேட்டால், "முந்தநாள்தான் சொன்னவள் சேர்" என்பார் அம்மா. பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். துணைக்கு வந்த சிநேகிதியிடம் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்: "பொங்கலுக்கு முதலே நோகுது சேர். எங்கட லேன்ல எல்லாருக்கும் தெரியும்."

மட்டக்களப்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்யும் எனக்கு இந்தப் பதில் பழகிப்போன ஒன்று. லேனில், அதாவது தடாகத்தில் ஒன்றாக நீந்தும் வரிசையில், எல்லோருக்கும் தெரிந்த நோவு கோச்சுக்கும் வீட்டுக்கும் தெரியாமல் இருப்பது ஏன் என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் தோளின் கணக்கு. 25 மீற்றர் தடாகத்தில் ஒரு நீளம் போக ஒரு பிள்ளைக்கு 16 கைவீச்சு தேவை என்று வைப்போம். ஒரு மாலையில் 2 கிலோமீற்றர் என்றால் 80 நீளம், 1,280 வீச்சு. ஒரு தோளுக்கு 640. கிழமைக்கு 5 நாள் பயிற்சி என்றால் ஒரு தோள் 3,200 தடவை சுழல்கிறது. தோள் மூட்டின் குழியோ ஆழமில்லாதது. அதை இடத்தில் பிடித்து வைத்திருப்பது எலும்பைவிட, சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும் அவற்றை எலும்போடு பிணைக்கும் நாண்களும்தான். அவை களைத்தால் முழங்கை தாழும், கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும், உள்ளே நாண் நெரிபடும். 1974 இலேயே கெனடி, ஹோக்கின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதை 'நீச்சல் வீரர் தோள்' என்று எழுதிவிட்டார்கள். ஆக, புதிய சங்கதி ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் பிடித்தால் சில கிழமைகளில் சரியாகிவிடும். பிந்தினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பிறகு ஏன் மறைக்கிறார்கள்?

ஒரு காரணம் வீட்டில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ணால் கண்டவர்களின் பிள்ளைகள் இவர்கள். கல்லடியிலும் நாவலடியிலும் அன்று நடந்ததை நான் இங்கே சொல்லத் தேவையில்லை. தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று சொல்லும் வீடுகளில், அம்மம்மாவின் கண்ணீரையும் தாண்டி அனுமதி வாங்கி வந்த பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் "நோகுது" என்றால் "அப்ப இனிப் போக வேண்டாம்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். ரியூசனுக்கும் நேரம் கிடைத்ததாயிற்று!

மற்றக் காரணம் ரீமிலேயே இருக்கிறது. நகரத்துப் பிள்ளை, காத்தான்குடிப் பிள்ளை, ஆரையம்பதிப் பிள்ளை என்று வேறு வேறு பாடசாலைகளில் படிப்பவர்கள் ஒன்றாகச் சேரும் ஒரே இடம் அந்தத் தடாகம். பெரிய அக்காமார் சின்னவர்களின் தலைமுடியைச் சுருட்டி நீச்சல் தொப்பிக்குள் திணித்து விடுவார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு பணிஸ் நாலாகப் பிய்க்கப்படும். கொழும்பில் போட்டி என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல் இரவுப் பயணம், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூக்கம். அஞ்சல் நீச்சலுக்கு (ரிலே) நான்கு பேர் வேண்டும். பதிலுக்கு ஆள் இல்லாத சின்ன ரீமில் ஒருவர் விலகினால் மற்ற மூவருக்கும் போட்டி இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுமை தோள் நோவைவிடப் பெரிது. அதனால் சித்தாலேப என்ற நோவுக் களிம்பைப் பூசிக்கொண்டு இறங்குகிறது. சிநேகிதிகளும் காட்டிக்கொடுப்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அதுதான் விசுவாசம்.

இந்த ஒட்டுறவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளையை நீச்சலில் வைத்திருப்பதே அதுதான், ரைமிங் அல்ல. பிழை, நாங்கள் ஓய்வு கொடுக்கும் விதத்தில். "மூன்று கிழமை வர வேண்டாம்" என்று அனுப்பிவிடுகிறோம். திரும்பி வரும்போது லேனில் வேறொருவர் இருப்பார், சிரிப்பது எதற்கென்று விளங்காது. இதை ஒருமுறை பார்த்த ரீமில் அடுத்த நோவை ஒருவரும் வாய்திறந்து சொல்லப்போவதில்லை.

அதனால் நான் கொடுக்கும் துண்டில் "தடாகத்துக்குக் கட்டாயம் வர வேண்டும்" என்றே எழுதுகிறேன். தோளைத்தான் ஓய்வில் விடுகிறோம், பிள்ளையை அல்ல. கைகளை உடம்போடு வைத்து மல்லாந்து கால் உதைக்கலாம். கிக்போட் என்ற மிதவைப் பலகை வேண்டாம், அதை நீட்டிப் பிடித்தால் தோள் இன்னும் நெரிபடும். கரையில் இருந்து மற்றவர்களின் கைவீச்சை எண்ணலாம். 16 வீச்சில் போனவர் 20 க்கு ஏறினால் களைத்துவிட்டார் என்று கோச்சுக்குச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த மாதிரியும் ஆயிற்று.

கோச்மாருக்கு இரண்டு வேண்டுகோள். தண்ணீரில் இறங்குமுன் இரண்டு பேராக நின்று ஒருவர் கையை ஒருவர் முதுகுப்பக்கம் இழுத்துவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருக்கும். ஆனால் ஏற்கனவே தளர்வான மூட்டை அது இன்னும் தளர்த்தும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வேலியில் கட்டி, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், அது போதும். அடுத்தது, மாரி மழையும் தவணைப் பரீட்சையும் முடிந்த கையோடு, மாகாணப் போட்டி வருகிறதென்று தூரத்தை ஒரே கிழமையில் இரட்டிப்பாக்காதீர்கள். என்னிடம் வரும் தோள்களில் கணிசமானவை அந்தக் கிழமைகளுக்குச் சொந்தமானவை.

பெற்றோருக்கு: போட்டிக்கு முன் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற நோவு மாத்திரை வாங்கிக் கொடுப்பது இங்கே சாதாரணமாகிவிட்டது. அது நோவை மறைக்கும், காயத்தை ஆற்றாது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் டெங்கு வேறு. காய்ச்சல் இருக்கும்போது இந்த வகை மாத்திரை இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். பயிற்சி முடிந்தபின் கொஞ்சம் நொந்து மறுநாள் போய்விட்டால் கவனித்தால் போதும். நீந்தும்போதே நொந்தால், அல்லது நோவுக்காகக் கை வீசும் விதம் மாறினால் காட்ட வேண்டும். இரவில் நித்திரையைக் குழப்பும் நோவு, கை விரல்களில் விறைப்பு, மூட்டில் வீக்கம் என்றால் அடுத்த பயிற்சிக்கு முன்பே வாருங்கள்.

திரும்ப இறங்கும்போது முதல் கிழமை வழக்கமான தூரத்தில் பாதி. உள்ளங்கையில் மாட்டி நீந்தும் கைத்தகடுகள் வேண்டாம், வண்ணத்துப்பூச்சி நீச்சல் கடைசியாக. அஞ்சல் நீச்சலில் அந்தப் பிள்ளைக்கு இடம் உண்டா இல்லையா என்பதை நான்கு பேரையும் ஒன்றாக இருத்தி கோச்சே சொல்லிவிடுவது நல்லது. அவர்களுக்குள் பேசித் தீர்க்க விட்டால், நோகும் தோளோடுதான் அந்தப் பிள்ளை தொடக்க மேடையில் ஏறும்.