சிசிடிவி வாங்கப் போறீங்களா? இந்த ரூல் தெரிஞ்சுக்கோங்க

வீட்டுக்கோ கடைக்கோ கேமரா போடறவங்க எத்தன மெகாபிக்சல்னு கேப்பாங்க, நைட் விஷன் இருக்கான்னு கேப்பாங்க, ஆனா அந்த கேமராவையே எவனாவது ஹேக் பண்ணிடுவானான்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. இப்ப அத மத்திய ஐடி அமைச்சகமே கேக்குது. 2024 ஏப்ரல்ல போட்ட உத்தரவு, கம்பெனிங்களுக்கு டைம் குடுத்து 2025 ஏப்ரல் 9ல இருந்து அமலுக்கு வந்துச்சு. செக்யூரிட்டி டெஸ்ட்ல பாஸ் ஆகாத மாடல தயாரிக்கவோ இறக்குமதி பண்ணவோ விக்கவோ கூடாதுங்கறதுதான் விஷயம்.

ஐடி அமைச்சகத்தோட டெஸ்டிங் அமைப்பான எஸ்டிக்யூசி மாதிரி அங்கீகாரம் இருக்கற லேப்ல கேமராவ பிரிச்சு மேஞ்சிடுவாங்க. டப்பாவ தொறந்து உள்ள இருக்கற யுஎஸ்பி போர்ட்ல, டெக்னீஷியனுங்க செக் பண்றதுக்கு இருக்கற யுஏஆர்டி போர்ட்ல வயர சொருகி ஈஸியா நுழைய முடியுதா, வீடியோ மத்தவங்க பாக்க முடியாதபடி என்க்ரிப்ட் ஆகித்தான் போகுதா, அப்டேட்னு சொல்லி வேற எதையாவது உள்ள ஏத்திட முடியுமா, இப்படி ஒவ்வொண்ணா பாப்பாங்க. கேமராவோட சாஃப்ட்வேர எழுதின சோர்ஸ் கோடு வரைக்கும் கேப்பாங்க, அதுக்குத்தான் வெளிநாட்டு கம்பெனிங்க அவ்ளோ மொனகினாங்க.

மொனகட்டும், காரணம் இருக்கு. 2016ல மிராய்னு ஒரு வைரஸ், ஃபேக்டரி பாஸ்வேர்ட மாத்தாம விட்ட கேமரா, அதோட வீடியோவ பதிவு பண்ற டிவிஆர், ரவுட்டர்னு லட்சக்கணக்குல புடிச்சு வச்சுக்கிட்டு அடிச்ச அடியில அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸே கொஞ்ச நேரம் படுத்துடுச்சு. நம்ம ஊர்லயும் அரசு இடங்கள்ல இருக்கற 10 லட்சம் கேமரா சீன கம்பெனிங்களோடதுன்னு 2021ல பார்லிமென்ட்லயே சொன்னாங்க.

சரி, கடையில என்ன கேக்கணும்? டப்பா மேல ஆர்-னு ஆரம்பிக்கற பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) நம்பர் இருக்கும், அத பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்த கம்பெனின்னு வந்துடும். ஆனா அதோட நிறுத்திடாதீங்க, அந்த நம்பர் இந்த ரூலுக்கு முன்னாடி, வெறும் எலக்ட்ரிக்கல் சேஃப்டிக்கே குடுத்துட்டு இருந்தாங்க. அதனால மாடல் நம்பரச் சொல்லி எஸ்டிக்யூசி சர்டிபிகேட் காட்டுங்கன்னு கேளுங்க, ஆன்லைன்ல சீப்பா கெடைக்கற பேர் தெரியாத பிராண்டுக்கு கண்டிப்பா கேளுங்க.

ஏற்கனவே செவுத்துல மாட்டினத கழட்டச் சொல்லி இந்த உத்தரவு வீட்டுக்காரங்கள கேக்கல, அது விக்கறவங்களுக்கான ரூல். பழைய கேமராவுக்கு நீங்கதான் பாத்துக்கணும்: மாட்டின ஆளு வச்சுட்டுப் போன பாஸ்வேர்ட மாத்துங்க, அப்டேட் வந்தா போடுங்க, வெளியில இருந்து இன்டர்நெட் வழியா நேரா கேமராவுக்குள்ள வர வழி விடற போர்ட் ஃபார்வர்டிங் ரவுட்டர்ல ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க.