எண்ணெய்க்கு அடங்காத துரு

பழைய ரஷ்யப் படைத் துப்பாக்கியான மோசின்-நாகண்ட் ரைபிளைச் சுட்டு முடித்தவர்கள் அன்றே அதன் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவுவதைக் கண்ட வாசகர் ஒருவர், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் தண்ணீரைக் கொண்டே துருவைத் தடுப்பது எவ்வாறு என்று கேட்டிருக்கிறார்.

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர், கிழக்கு ஐரோப்பியப் படைக் கிடங்குகளில் பல்லாண்டுகள் கிடந்து மலிவாகச் சந்தைக்கு வந்த இவ்வகை ரைபிள்களின் தோட்டாக்களை விரும்பி வாங்கினார்கள். சிக்கல் அவற்றின் வெடிமருந்தில் இல்லை. அதைப் பற்றவைக்கும் பிரைமரில் இருக்கிறது. பிரைமர் கலவையிலுள்ள பொட்டாசியம் குளோரேட், எரியும்போது தன் ஆக்ஸிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவான இந்த உப்பு, சூடான வாயுக்களோடு விரைந்து, குழலின் சுருள் பள்ளங்களிலும் குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டின் முகப்பிலும் நுண்துகள்களாகப் படிகிறது.

உலர்ந்திருக்கும்வரை அதனால் தீங்கில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காட்டை நெருங்கும்போது, மழைக்காலத்து உப்பு ஜாடியைப் போல, அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலும் துருவுக்குப் போதுமான நீர்ப்படலம் உருவாகிவிடும். இதற்குப் பின் நடப்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. இரும்பு அணுக்கள் ஓரிடத்தில் எலக்ட்ரான்களை விட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த நேர்மின்சுமையைச் சமன்செய்யக் குளோரைடு அயனிகள் அங்கே நகர்ந்து வருகின்றன. இரும்பு அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தன்மையை உண்டாக்க, அது மேலும் இரும்பைக் கரைத்து, மேலும் குளோரைடை உள்ளே இழுக்கிறது. குழி ஆழமாக ஆழமாக வினையும் வேகம் கொள்கிறது. இதில் குளோரைடு செலவாவதே இல்லை என்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பே ஒரு குழலைப் பாழாக்கப் போதுமானது.

எண்ணெய் பூசினால் போதாதா? உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலமோ நீராவியையும் ஆக்ஸிஜனையும் முற்றிலுமாகத் தடுப்பதில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், புகையற்ற வெடிமருந்தின் எச்சமே துருவுக்குக் காரணம் என்று பலர் நம்பியிருந்தபோது, பிரைமரின் உப்பே குற்றவாளி என்று விளக்கியவர் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் வேதியியலர் வில்பர்ட் ஹஃப். உடனடிப் பயனை மட்டுமே பார்த்து ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவோர், இந்த விடை ஒரு சுரங்க ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, சுட்ட அன்றே, தோட்டா நுழையும் பக்கத்திலிருந்து புனல் வழியாகக் கொதிநீர் ஊற்ற வேண்டும். லீ-என்ஃபீல்ட் ரைபிள் ஏந்திய பிரிட்டிஷ் வீரர்களும் இவ்வாறே செய்தார்கள். 100 கிராம் நீரில், 20 டிகிரி செல்சியஸில் சுமார் 34 கிராம் கரையும் இந்த உப்பு, கொதிநிலையில் சுமார் 56 கிராம் வரை கரையும். சூடேறிய எஃகும் விரைவில் உலர்ந்துவிடும். போல்ட்டையும் அவ்வாறே கழுவி, துணியால் நன்கு துடைத்து, கரியையும் செம்புப் படிவையும் வழக்கமான கரைப்பானால் நீக்கிய பிறகே எண்ணெய் பூச வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர் உப்பை முறித்துவிடும் என்ற நம்பிக்கைக்கு வேதியியல் அடிப்படை கிடையாது. அதிலுள்ள தண்ணீர்தான் வேலை செய்கிறது.

சுடும்போது எழும் வாயுவின் அழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கிகளில், அந்த வாயு தள்ளும் பிஸ்டன்வரை உப்பு செல்லும் என்பதால், அப்பகுதியையும் கழற்றிக் கழுவியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய எம்1 கார்பைன் என்ற குட்டை ரைபிளின் பிஸ்டனைக் களத்தில் எளிதாகக் கழற்ற முடியாது; ஆகவே அதன் தோட்டாக்களுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே உப்பு விடாத பிரைமரைப் பொருத்தினார்கள்.